காட்டிக்கொடுக்காத நடுவர்: மின்னஞ்சல் விளையாட்டு ஒன்றை முந்தலிலிருந்து நடத்துவது எப்படி

சதுரங்கத்தைத் தபாலில் ஆடுவதற்கு நடுவர் தேவையில்லை. நான் ஒரு நகர்வை எழுதி அனுப்புகிறேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு உங்கள் நகர்வை எழுதி அனுப்புகிறீர்கள். கடிதம் போய்ச்சேர ஒரு மாதம் எடுத்தாலும் ஆட்டம் கெடாது. சர்வதேச கடிதவழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951 இல் தொடங்கப்பட்டது. உலகப் போட்டிகளையே அது இப்படித்தான் நடத்தியது. எங்கள் ஊர்களில் சாக்கட்டியால் தரையில் கோடு கீறி ஆடும் நாயும் புலியும் ஆட்டத்தையும் இப்படிக் கடிதத்தில் ஆடலாம். எல்லாம் இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஆட்டங்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில், மற்றவர் என்ன எழுதினார் என்று தெரியாமல் நகர்வை எழுத வேண்டிய ஆட்டம் ஒன்று இருந்தால்? அப்போது யாராவது ஒருவர் எல்லாக் கடிதங்களையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். நேரம் வரும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. நேரம் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்து முடிவு சொல்ல வேண்டும். அவரும் ஆட்டத்தில் இருக்கக் கூடாது, எவருக்கும் மச்சானாகவோ நண்பனாகவோ இருக்கக் கூடாது. அப்படி ஒருவரை எங்கே தேடுவது?

டிப்ளோமசி என்ற பலகை விளையாட்டை ஆடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு 1980களின் இறுதியில் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அது ஒரு கணினி நிரல். அந்த நிரலைப் பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவி, முந்தலில் என் வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். ஏழு பேர் அதற்குக் கடிதம் எழுதுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, அதை நிறுவ என்ன வேண்டும், எங்களைப் போன்றவர்கள் அதை நிறுவும்போது வழிகாட்டிக் குறிப்புகளில் இல்லாத எந்தெந்த விடயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விளையாட்டு. அலன் கல்ஹமர் என்ற அமெரிக்கர் 1954 இல் இதை வடிவமைத்தார். கம்பெனிகள் வாங்க மறுத்ததால் 1959 இல் தன் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் செய்து விற்றார். பிற்காலத்தில் அவர் பார்த்த வேலை தபால்காரர் வேலை. 2013 இல் இறந்தார். முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் வரைபடம்தான் பலகை. ஆஸ்திரியா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள், ஏழு பேர். வரைபடத்தில் 75 பகுதிகள்; அவற்றில் 34 வழங்கல் மையங்கள். ஒருவர் 18 மையங்களைப் பிடித்தால் வெற்றி. தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டம் என்று ஒன்றே கிடையாது. ஆட்டம் 1901 வசந்தத்தில் தொடங்கும். ஒவ்வொரு ஆண்டிலும் வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டு தடவை நகர்வு.

நகர்வுக்கு முன் பேச்சுவார்த்தை. யாரோடும் தனியாகப் பேசலாம், எதையும் உறுதியளிக்கலாம். கொடுத்த வாக்கை மீறுவதைத் தடுக்கும் விதி ஒன்றுகூட இல்லை. பிறகு எல்லோரும் தம் கட்டளைகளை இரகசியமாக எழுதுவார்கள். எல்லாக் கட்டளைகளும் ஒரே கணத்தில் நடந்ததாகக் கொள்ளப்படும்.

ஓர் உதாரணம். பாரிஸில் உள்ள பிரெஞ்சுப் படை பர்கண்டிக்குப் போகிறது. மியூனிக்கில் உள்ள ஜேர்மன் படையும் அதே பர்கண்டிக்குப் போகிறது. இரண்டும் சமபலம் என்பதால் ஒன்றும் உள்ளே நுழையாது, இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கும். மார்செயில் உள்ள இன்னொரு பிரெஞ்சுப் படை பாரிஸ் படைக்கு ஆதரவு என்று எழுதியிருந்தால், ஒன்றுக்கு இரண்டு, பிரான்ஸ் நுழைந்துவிடும். ஆனால் பீட்மொன்ட்டில் நிற்கும் இத்தாலியப் படை அதே நேரத்தில் மார்செயைத் தாக்கினால், அந்தத் தாக்குதல் தோற்றாலும்கூட மார்செயின் ஆதரவு அறுந்துபோகும். பிரான்ஸ் மறுபடியும் வெளியே. இத்தாலி ஒரு அங்குலமும் முன்னேறவில்லை, ஆனாலும் ஜேர்மனிக்காக ஒரு வேலை செய்துவிட்டது. இதில் ஒரு படையைப் பிரெஞ்சுக்காரருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எல்லாம் தலைகீழ். அதனால்தான் கடிதத்தை வாங்கி வைத்திருக்கும் நடுவர் அவ்வளவு முக்கியம்.

நியூயோர்க்கில் இருந்த ஜோன் போர்ட்மன் 1963 இல் தபால்வழி டிப்ளோமசியைத் தொடங்கினார். கட்டளைகள் அவருக்குத் தபாலில் வரும். அவர் கையால் கணக்குப் பார்த்து, ரோணியோ போல உருட்டி எடுத்த சிறு பத்திரிகையில் முடிவை அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புவார். அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான சிறு பத்திரிகைகள் வந்தன. ஓர் ஆட்டம் முடிய ஆண்டுக்கணக்காகும். நடுவருக்கு நோய் வந்தால், கல்யாணம் வந்தால், அலுப்பு வந்தால் ஆட்டமும் அனாதை.

கென் லோவ் என்பவர் வோஷிங்டன் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் நிறுவிய நிரல் இந்த மனிதரின் இடத்தைப் பிடித்தது. அதன் பெயர் ‘ஜட்ஜ்’. பிறகு பல நாடுகளில் பலர் அதன் பிரதிகளைத் தம் கணினிகளில் ஓட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் நாட்டின் சுருக்கெழுத்தோடு நான்கு எழுத்துப் பெயர். மனுஸ் ஹாண்ட் பைதன் மொழியில் வேறொரு ஜட்ஜ் எழுதினார். இன்று பெரும்பாலானோர் இணையத்தளங்களில், வரைபடத்தைச் சொடுக்கி ஆடுகிறார்கள். அதுதான் அழகு, அதுதான் இலகு. நான் பழைய மின்னஞ்சல் ஜட்ஜைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் எங்கள் ஏழு பேரும் இருக்கும் இடங்கள்தான்.

முந்தலில் கைத்தொலைபேசி திருத்தும் ஒரு தம்பி. உடப்பில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா. புத்தளத்தில் என் பெரியம்மாவின் மகன். வவுனியாவில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற தபாலக உத்தியோகத்தர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. பாரிஸில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை எழுதவில்லை. சிலரிடம் நல்ல இணைய இணைப்பு இருக்கிறது, சிலரிடம் டேட்டா அட்டை தீர்ந்தால் அடுத்த சம்பளம்தான். மின்னஞ்சலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கடலோரத்தில் சிக்னல் கிடைக்காத இடத்தில் எழுதி வைத்தாலும், சந்திக்கு வந்ததும் தானாகப் போய்விடும்.

இனி, நிறுவும் வேலை.

கணினி எதுவாகவும் இருக்கலாம். என்னுடையது பதினொரு வருடப் பழையது, லினக்ஸ் போட்டது. ஜட்ஜ் சி மொழியில் எழுதப்பட்டது. அது எழுதப்பட்ட காலத்துக் கணினிகளோடு பார்த்தால் இன்றைய மலிவுக் கைத்தொலைபேசிகூட ஒரு யானை. மூலநிரலை இறக்கி, ஜி.சி.சி. கொண்டு தொகுத்தால் ‘டிப்’ என்ற ஒரு நிரல் கிடைக்கும். அந்த டிப் செய்யும் வேலை ஒன்றுதான்: ஒரு மின்னஞ்சலை அதன் வாயில் ஊற்றினால் வாசித்து, அதில் உள்ள கட்டளைகளைக் கோப்பில் எழுதி, பதில் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அல்ல. கடிதம் வந்தால் மட்டும் எழும்பும். இன்னொரு சந்தர்ப்பத்திலும் எழும்பும்: கெடு நேரத்தில். லினக்ஸில் ‘அட்’ என்று ஒரு சிறு கருவி உண்டு. இந்த நாள் இந்த நேரத்தில் இந்த வேலையைச் செய் என்று அதனிடம் சொல்லி வைக்கலாம். ஜட்ஜ் தன் அடுத்த கெடுவை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தூங்கும்.

புத்தகப்படி, உங்கள் கணினியே ஒரு மின்னஞ்சல் வழங்கியாக இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் அல்லது எக்ஸிம் நிறுவி, ஜட்ஜின் முகவரிக்கு வரும் கடிதத்தை நேரே டிப்பின் வாய்க்குள் திருப்பிவிட வேண்டும். 1990களில் அது சரி. இப்போது வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் வாங்கவே வாங்காது. வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும், எரிதம் அனுப்புகிறவர்களும் அப்படியான முகவரிகளைத்தான் பாவிக்கிறார்கள் என்பதால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பல இணைய நிறுவனங்கள் 25ஆம் இலக்கத் துறையையும் பூட்டி வைத்திருக்கின்றன.

ஆகவே சுற்றுவழி. சாதாரண மின்னஞ்சல் பெட்டி ஒன்றை ஜட்ஜின் பெயரில் திறந்தேன். ‘ஃபெட்ச்மெயில்’ என்ற நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டியைத் திறந்து, புதிய கடிதங்களை எடுத்து வந்து டிப்பிடம் கொடுக்கிறது. பதில்கள் ‘எம்.எஸ்.எம்.டி.பி.’ என்ற நிரல் வழியாக அதே பெட்டியின் பெயரில் வெளியே போகின்றன. தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார் என்றால் நாமே தபால் பெட்டிக்குப் போய் எடுத்துவருவது போலத்தான்.

ஆடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. ‘சைன்ஆன்’ என்று தொடங்கி, ஆட்டத்தின் பெயரும் கடவுச்சொல்லும். கீழே ஒவ்வொரு வரியாகக் கட்டளைகள். முடிவில் ‘சைன்ஆஃப்’. அந்தக் கடைசிச் சொல்லை மறந்தால், கைத்தொலைபேசி தானாகச் சேர்க்கும் விளம்பர வரியையும் கட்டளை என்று நினைத்து ஜட்ஜ் வாசிக்கும். விளங்கவில்லை என்று பதில் போடும். பயணத்தில் இருக்கிறேன் என்று தானாகப் பதில் அனுப்பும் வசதியை யாராவது போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தப் பதிலுக்கு ஜட்ஜ் பதில் அனுப்ப, அதற்கு அது பதில் அனுப்ப, இரண்டு இயந்திரங்கள் விடியும்வரை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். டிப்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்து, இவ்வாறான கடிதங்களை ஒதுக்கிவிட வேண்டும்.

பேச்சுவார்த்தைக் கடிதங்களும் ஜட்ஜ் வழியாகவே போகலாம். ‘பிரஸ்’ என்று எழுதி, யாருக்கு என்று சொன்னால் போதும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. அனுப்பியவர் பெயர் இல்லாமல் போகும் கடிதத்துக்கும் வழி உண்டு. ஆங்கிலத்தில் அதைச் சாம்பல் கடிதம் என்கிறார்கள். உடப்பு அக்கா முதல் நாளே அதற்குச் சரியான பெயர் வைத்தார்: மொட்டைக் கடிதம்.

இங்கேதான் தமிழ்ப் பிரச்சினை. நான் நிறுவிய ஜட்ஜ் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்றைய மின்னஞ்சல் செயலிகள் தமிழை அப்படியே அனுப்புவதில்லை. வழியில் உடையாமல் இருக்க வேறொரு குறிமுறையில் மூட்டை கட்டி அனுப்புகின்றன. அந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாத ஜட்ஜ் அதை அப்படியே மறுபக்கம் தள்ளிவிடும். பாரிஸ் நண்பர் எழுதிய நீண்ட சமாதானக் கடிதம் வவுனியாவுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குப்பையாகப் போய்ச் சேர்ந்தது. பைதனில் நாற்பது வரி எழுதினேன். உள்ளே வரும் கடிதத்தைப் பிரித்து வெறும் எழுத்தாக்கிக் கொடுக்கும் ஒரு பகுதி. வெளியே போகும் கடிதத்தின் தலைப்பில் இது யுனிகோட் என்று ஒட்டிவிடும் இன்னொரு பகுதி. கட்டளைகள் இன்னும் ஆங்கில எழுத்தில்தான். கடிதங்கள் தமிழில் போகின்றன. யாழ்ப்பாணத்து அண்ணையின் ஆட்டம் அன்றிலிருந்துதான் சூடுபிடித்தது. ஆங்கிலத்தில் அவர் ஒரு வரி எழுதுவார், தமிழில் மூன்று பக்கம்.

நேரம். கெடு சனிக்கிழமை இரவு 9 மணி. ரொறன்ரோவில் கோடையில் அது காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. பாரிஸில் மாலை 5.30 அல்லது 4.30. ஜட்ஜ் இருக்கும் கணினியின் நேரம்தான் சட்டம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வவுனியாக்காரர் உடனே கேட்டார்: “எந்த நேரம், பழைய நேரமா புது நேரமா?” இளையவர்களுக்கு விளங்கவில்லை. 1996 இல் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது; அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. சோதனைச் சாவடியின் இந்தப்பக்கம் ஒரு நேரம், அந்தப்பக்கம் அரை மணி பின்னால். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. பத்து வருடம் ஒரு தீவுக்குள் இரண்டு கடிகாரம் இருந்தது என்பதை இன்றும் லினக்ஸின் நேர வலயக் கோப்பில் கொழும்பு என்ற பெயருக்குக் கீழ் பாதிக் கதையாகப் பார்க்கலாம். மற்றப் பாதி அதில் இல்லை.

மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு குரங்கு பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் போனதால் நாடே இருண்டது என்றார்கள். அதைத் தொடர்ந்து எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. ஆகவே கெடு நேரத்தில் கணினி அணைந்திருக்கும் என்ற எண்ணத்தோடேயே அமைக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பியதும் ‘அட்’ கருவி தவறவிட்ட வேலையை உடனே செய்யத் தொடங்கும். நல்ல குணம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஃபெட்ச்மெயில் இன்னும் எழும்பியிருக்காவிட்டால், நேரத்துக்கு அனுப்பியவரின் கட்டளையும் தபால் பெட்டியில்தான் கிடக்கும். ஜட்ஜ் அவரைத் தாமதம் என்று எல்லோருக்கும் அறிவித்துவிடும். எனவே கணினி எழும்பும் ஒழுங்கை மாற்ற வேண்டும்: முதலில் இணைப்பு, பிறகு கடிதங்களை எடுத்துவருதல், அது முடிந்த பிறகுதான் ‘அட்’.

தாமதம் என்பதை ஜட்ஜ் பாரதூரமாக எடுத்துக்கொள்ளும். கெடு தாண்டினால் யார் இன்னும் அனுப்பவில்லை என்று எல்லோருக்கும் எழுதும். சலுகை நேரம் தொடங்கும். அதுவும் தாண்டினால் அந்த இருக்கை கைவிடப்பட்டதாக அறிவித்து, வேறு எவரும் வந்து அமரலாம் என்று சொல்லும். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளிக் கணக்கும் வைத்திருக்கும். நேரத்துக்கு அனுப்பினால் கூடும், பிந்தினால் குறையும். வெற்றி தோல்விக்கும் அந்தப் புள்ளிக்கும் சம்பந்தமில்லை. வாக்கு மாறுகிறவனுக்குத் தண்டனை இல்லை, வராமல் விடுகிறவனுக்கு உண்டு. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

“இது 2002 போல இருக்கே” என்றார் அண்ணை. அவர் சொன்னது போர்நிறுத்த உடன்படிக்கையையும் நோர்வே தலைமையில் வந்த கண்காணிப்புக் குழுவையும். அந்தக் குழுவும் யார் மீறினார்கள் என்று எழுதி வைக்கலாம்; நிறுத்த அதிகாரமில்லை. ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ஜட்ஜ் உடன்படிக்கைகளை எண்ணுவதே இல்லை. நீங்கள் துருக்கிக்கு என்ன சத்தியம் செய்தீர்கள் என்று அதற்குக் கவலையில்லை, கட்டளைத் தாளில் என்ன எழுதினீர்கள் என்பது மட்டும்தான். ஒருவகையில் அதுதான் அதன் நேர்மை.

இப்போது வழிகாட்டிக் குறிப்பில் இல்லாத விடயம். முதல் வாரம் முடிவதற்குள் முந்தல் தம்பி வீட்டுக்கு வந்தான். கைத்தொலைபேசியை நீட்டினான்.

“நானா, இத யாரும் பாத்தா என்ன நினைப்பாங்க?”

அவன் பெட்டியில் இருந்தது இத்தாலியின் கடிதம்: வெள்ளிக்கிழமைக்குள் உன் படையை எல்லைக்கு நகர்த்து, நான் கப்பலை அனுப்புகிறேன், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. கீழே சுருக்கெழுத்தில் ஐந்து வரி. அனுப்பியவர் பெயர் இல்லை. அனுப்பிய இடம் ஒரு இயந்திரம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர், ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்த ஒரு பெண்ணை, அது தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். புத்தளத்தில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்றார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. பின்னர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தற்காலிகமாக என்று 1979 இல் கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. வடக்கில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

உலகத்துக்கும் இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கையாளர்கள் வெளிநாட்டுக் கடிதவழிச் சதுரங்கத்தைத் தடுத்தார்கள். நகர்வுக் குறியீடுகள் சங்கேத மொழியாக இருக்கலாம் என்ற பயம். நடிகர் ஹம்ப்ரி போகார்ட் போர்முனையில் இருந்த சிப்பாய்களுடன் தபாலில் சதுரங்கம் ஆடியதற்காக எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரைத் தேடி வந்தார்கள் என்ற கதையைச் சதுரங்கக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். போகார்ட் வீட்டுக்கு வந்தவர்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீடுகளுக்கு வருகிறவர்கள் அப்படிப் போவார்கள் என்று நம்பி ஆட்டம் அமைக்க முடியாது.

ஏழு பேரிடமும் பேசினேன். சில மாற்றங்கள் செய்தோம். ஜட்ஜ் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும், இது டிப்ளோமசி பலகை விளையாட்டின் ஆட்டம், காலம் 1901, இடம் ஐரோப்பா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி வருகிறது. மொட்டைக் கடித வசதியை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு கடிதத்திலும் நாட்டின் பெயர் இருக்கும். மேலும், பேச்சுவார்த்தையே இல்லாமல் கட்டளைகள் மட்டும் எழுதும் ஒரு வகையும் ஜட்ஜில் உண்டு. தம்பிக்கு அது வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கதைக்காம ஆடுறதுன்னா எதுக்கு நானா ஆடணும்?” என்றான்.

யுத்தத்தைப் பார்த்தவர்கள் யுத்த விளையாட்டு ஆடலாமா என்ற கேள்வியும் வந்தது. கேட்டவர் வவுனியாக்காரர். 2009 இல் அவர் எங்கே இருந்தார் என்பதை அவரே சொன்னால் தவிர நாங்கள் கேட்பதில்லை. பலகையில் படை அழிந்தால் ஒரு மரக்கட்டையை எடுத்துவிடுவார்கள் என்பது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவர் ஆஸ்திரியாவை எடுத்தார். நாலா பக்கமும் எதிரி இருக்கும் நாடு அது. ஆடத் தெரிந்தவர்கள்கூட எடுக்கத் தயங்குவார்கள். ஏன் என்று கேட்டேன். “இதிலை எல்லாரோடையும் கதைச்சாத்தான் உயிர் தப்பலாம்” என்று மட்டும் எழுதினார். யாரும் எடுக்கக் கூடாது என்று நினைத்தால் அவர்கள் எடுக்க வேண்டாம். ஆடச் சொல்லி நான் எவரையும் வற்புறுத்தமாட்டேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வியை அண்ணை ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார். நாற்பது வருடம் தபால் பைகளைக் கட்டி அவிழ்த்தவர்.

“தம்பி, மெசின் காட்டிக்குடுக்காது, சரி. மெசின் ஆற்றை வீட்டிலை இருக்கு?”

என் வீட்டில்தான். கட்டளைகளும் கடவுச்சொற்களும் கடிதங்களும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக அந்தக் கணினியில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கக்கூடிய வடிவம். வன்தட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன், ஆனால் திறப்பு என் கையில். ஜட்ஜ் ஒருபோதும் ஒருவரின் கட்டளையை மற்றவருக்குச் சொல்லாது. ஜட்ஜின் சொந்தக்காரன் சொல்லலாம். என் பெரியம்மாவின் மகன் பிரான்ஸாக ஆடுகிறான். அவன் கெட்டிக்காரத்தனமாக ஒரு நகர்வு செய்த ஒவ்வொரு முறையும் என்னைச் சந்தேகப்பட மற்ற ஆறு பேருக்கும் உரிமை இருக்கிறது. எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தது. வெளியேற்றியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அண்ணையும் நாங்களும் ஒரே பலகையில் இருக்கிறோம் என்றால், சந்தேகம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறோம்.

செய்யக்கூடியதைச் செய்தோம். நான் ஆடுவதில்லை. ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் எல்லாருடைய கட்டளைகளும், வந்து சேர்ந்த நேரத்தோடு, எல்லோருக்கும் போகின்றன. ஒருவர் தான் அனுப்பிய பிரதியோடு ஒப்பிடலாம். கணினியின் கதவை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு ஒவ்வொரு நள்ளிரவும் தானாக ரொறன்ரோவுக்கும் வவுனியாவுக்கும் மின்னஞ்சலில் போகிறது. அதை நான் நிறுத்தினால், நிறுத்தியது தெரியும். முடிவில் சந்தேகமிருந்தால் கையால் கணக்குப் பார்க்கலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த லூகாஸ் குரைஸ்வைக் என்பவர், எந்தச் சிக்கலான மோதலில் என்ன முடிவு வரவேண்டும் என்று பரீட்சைக் கணக்குகளின் பெரிய பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். ஜட்ஜ் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதை வைத்துத்தான் தங்கள் நிரலைச் சோதிக்கிறார்கள். அண்ணை அதை அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்.

ஆட்டம் இப்போது 1903 இலையுதிர்காலத்தில் இருக்கிறது. ஆஸ்திரியா இன்னும் உயிரோடு இருக்கிறது, நான்கு மையங்களோடு. பாரிஸ் நண்பருக்கு வேலை நேரம் மாறிவிட்டதால் இரண்டு கெடு பிந்தினார். அவரது இருக்கைக்குப் புத்தளத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். இந்த ஆட்டம் முடிந்ததும் மடிக்கணினியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதாக முடிவாகியிருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் வீடு அண்ணையின் வீடு, நான் ஆடுவேன். திறப்பையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். போன வாரம் அவர் எழுதியிருந்தார்: அங்கே மின்சாரம் போய் வரும்போது எது முதலில் எழும்பும், ஃபெட்ச்மெயிலா ‘அட்’டா, அந்த வரிகளைத் தமிழில் எழுதி அனுப்பு. இந்தக் கட்டுரையை முடித்ததும் அதைத்தான் எழுத உட்காருகிறேன்.